பூஜையில் இருந்த டிஸ்க்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை பேசச் சொன்னாலே எனக்குக் கை வியர்த்துவிடும். கம்ப்யூட்டரை முறையாகப் படித்து வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் ஸ்கேன் சென்டர் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "இந்த பேக்கப் எடுக்கிற வேலைய எதுக்குச் செய்யணும்னே தெரியல்ல" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக மனது கேட்கவில்லை. நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். போன வருடம் கண்ணில் கோளாறு வந்து நின்றுவிட்டேன். வரவேற்பில் பெயர் எழுதத்தான் சேர்ந்தேன். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் காலம் வந்தபோது, சாயங்காலம் கடைசியாகப் போகிறவள் நான் என்பதால் பேக்கப் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. வேறு தகுதி எதுவும் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சர்வீஸ்காரத் தம்பி வந்து பேக்கப் சாப்ட்வேர் போட்டுத் தந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எந்தெந்த போல்டரைக் காப்பி எடுக்கவேண்டுமோ அதைப் பட்டியலில் இழுத்துப் போட்டால் போதும், மீதியைத் தானே செய்துகொள்ளும் என்றார். நான் முகப்புத் திரையில் 'ஸ்கேன் படங்கள்' என்று இருந்ததை இழுத்துப் போட்டேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். நோட்டில் 'பேக்கப் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். ஒன்றரை வருடம் அப்படி எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் இல்லை. அந்தப் பேக்கப் டிஸ்கில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு படக்குறி. அதன் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி. அதை அமுக்கினால் படங்கள் வந்தன. ஆனால் அவை, படங்களைச் சேர்த்துவைக்கும் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை; டிஸ்கில் இருந்தவை அல்ல. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டபோது ஒன்றும் வரவில்லை. நான் இழுத்துப் போட்டது போல்டரை அல்ல, போல்டருக்கு வழி காட்டும் குறியை. சாப்ட்வேரும் பாவம், சொன்னதைச் செய்து ஒன்றரை வருடமாக டிக் போட்டிருக்கிறது.

உடனே சர்வீஸ்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"சேச்சி, வீட்டுல உள்ள நகைய லாக்கர்ல வைக்கச் சொன்னா, நீங்க வீட்டு அட்ரஸ எழுதி லாக்கர்ல வச்சிருக்கீங்க."

"இனி என்ன செய்யது தம்பி?"

"ஒண்ணும் போகல்லல்லா, பயப்படாண்டாம். இப்ப செரியா போடுங்க. இனிமே டிக்க நம்பாதீங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு பழைய ஆளுக்க படத்த டிஸ்க்ல இருந்து வெளிய எடுத்துக் கண்ணால பாருங்க. வந்தா உண்டு. வரல்லன்னா இல்ல. அவ்வளவுதான்."

அன்று முதல் சனிக்கிழமைதோறும் ஒரு பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவரின் கால் எலும்பு, யாரோ ஒருவரின் முதுகெலும்பு. என்றோ வந்துபோன மனிதரின் உள்பாகம், அன்று இருந்தபடியே, ஒரு கோடு குறையாமல் வந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இது ஒரு சாதாரணக் காரியம் என்று ஒரு சனிக்கிழமைகூட எனக்குத் தோன்றியதில்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். ஆயுதபூஜை அன்று நடந்தது.

எங்கள் சென்டரில் பூஜை என்றால் எக்ஸ்ரே எடுக்கும் தங்கசாமி அண்ணன்தான் எல்லாம். காலையிலேயே குளித்துச் சந்தனம் அரைத்து, தோவாளையிலிருந்து பூ வாங்கி வந்துவிடுவார். ஊசி, கத்தரிக்கோல், ஸ்டெதஸ்கோப், நோட்டுகள் எல்லாம் மணையில் ஏறும். பூஜை வைத்தால் மறுநாள் காலை எடுக்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. படங்கள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரை மட்டும் ஒருபோதும் அணைப்பதில்லை. அந்த வருடம் அண்ணனுக்கு அது உறுத்திவிட்டது.

"ஏ அம்பிகா, எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு. இவனுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. இவன்தானே இங்க பெரிய ஆளு?"

"அதத் தூக்கி மணையில வைக்க முடியுமாண்ணே?"

"அப்பனத் தூக்க முடியல்லன்னா பிள்ளையக் கொண்டா." பக்கத்தில் செருகியிருந்த பேக்கப் டிஸ்கைக் காட்டினார்.

எனக்கு மனதில்லை. அதை எப்போதும் செருகியே வைத்திருப்பதுதான் எங்கள் வழக்கம். ஒரு நாள் டிக் விழாமல் போகும். ஆனால் அவரோடு வாதாட எனக்கு வாய் வராது. கழற்றிக் கொடுத்தேன். மணையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு பிச்சிப்பூவையும் செருகினார். பன்னிரண்டு மணிக்குப் பூஜை முடிந்தது. சென்டரை நடத்தும் டாக்டர் சார் தீபம் தொட்டு வணங்கிவிட்டுக் குடும்பத்தோடு ரயிலுக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். நானும் அண்ணனும் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்குத் தாடகை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நம் ஊர் ஐப்பசி இடியைப் பற்றி நான் சொல்லவேண்டாம். மூன்றாவது இடி எங்கள் மொட்டை மாடியிலேயே விழுந்ததுபோல இருந்தது. ஜன்னல் எல்லாம் ஒரு முறை வெள்ளையாக மாறியது. கரண்ட் போயிற்று. உள்ளே போய்ப் பார்த்தபோது பெரிய கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று வைத்தது. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வயரில். தங்கசாமி அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போச்சு" என்றார். 

அரை மணி நேரம் கழித்து, நனைந்த துப்பட்டாவோடு ஒரு பெண் படியேறி வந்தாள். குளச்சல்காரி, பெயர் ரஹ்மத். முப்பது வயது இருக்கும்.

"அக்கா, லீவுன்னு தெரியும். வேற வழியில்லாம வந்தேன். எங்க உம்மாக்க பழைய ஸ்கேன் வேணும். நாலு வருசம் முன்ன இங்கதான் எடுத்தது."

அவள் உம்மா திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். நுரையீரலில் ஒரு பொட்டு. மறுநாள் காலை ஆபரேஷன். நாலு வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அந்தப் பொட்டு இதே அளவில் இருந்தால் கத்தியே வைக்கவேண்டாம். மெல்ல வளர்ந்திருந்தால் ஒரு சின்னத் துண்டு எடுத்தால் போதும். பழைய படம் இல்லையென்றால் ஒரு பகுதியை முழுவதுமாக எடுப்பதுதான் பத்திரம் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு இளம் வயதில் காசநோய் வந்து ஏற்கெனவே ஒரு பக்கம் பழுது. இன்னும் முழுவதாக ஒரு பகுதி போனால், பிறகு மாடிப்படி ஏறவும் மூச்சு இருக்காது. வீட்டில் இருந்த பிலிம், கூரை ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. டாக்டர் ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டுக்கு வருவார், அதற்குள் படத்தைக் காட்டினால் பார்க்கிறேன் என்றிருக்கிறார். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவள் போய்ச் சேர முடியும்.

தங்கசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லீவு முடிஞ்சு வரச் சொல்லிரு. மெஷின் போன விசயத்த வெளிய சொல்லாண்டாம். சார் வந்து பாத்துக்கிடுவாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் லீவு முடியும்வரை காத்திருக்க அந்த அம்மாவுக்கு நேரம் இல்லை. நான் ரஹ்மத்திடம் வந்து, "மக்ளே, படம் இருந்த கம்ப்யூட்டர் இடியில கருகிப்போச்சு. ஒரு டிஸ்க் தனியா இருக்கு. அதுல உம்மா படம் இருக்கணும். ஆனா வருமா வராதான்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியாது" என்றேன்.

இதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆள் எதிரில் நிற்கும்போது தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுங்கள். 

"டிஸ்க் எங்கக்கா?" என்றாள்.

நான் மணையைக் காட்டினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"பூஜையில வச்சதா? எடுக்கப்பிடாதுன்னா செரிக்கா. நான் இங்க நிக்கேன். எப்ப எடுக்கலாம்னு சொல்லுங்க."

அவள் கேட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நான் தங்கசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிறகு சூடம் ஏற்றி ஒரு முறை காட்டிவிட்டு, பூவை எடுத்து ஓரமாக வைத்து, டிஸ்கை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சரஸ்வதி அம்மை படிப்புக்குள்ளவளாக்கும். இது படிக்கப்பட்ட காரியந்தானே. பிடி."

வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வயர் செருகும் துளை முழுவதும் சந்தனம். அண்ணன் ஒரு இடம் விடாமல் தடவியிருந்தார். ஈரச் சந்தனம்.

"ஏண்ணே, மூக்குக்குள்ளயுமா சந்தனம் வைக்கது?"

"எனக்கு எது மூக்கு எது வாயின்னு தெரியுமா?"

ரஹ்மத் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

சர்வீஸ்காரத் தம்பிக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சேச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. நேத்துவரை அது காப்பி. இப்ப அதாக்கும் அசல். உலகத்துல வேற கிடையாது. கரண்ட் லைன்ல இருக்கப்பட்ட எந்தக் கம்ப்யூட்டர்லயும் செருகாதீங்க, இடி இன்னும் நிக்கல்ல. முறையாப் பாத்தா முதல்ல முழுசா ஒரு காப்பி எடுக்கணும். அதுக்கப்புறந்தான் தொடணும்."

"எத்தன மணி நேரம் ஆகும்?"

"ஒம்பது மணி நேரம் ஆகும்."

மணி நாலரை. கரண்ட் இல்லை. அந்த டிஸ்கில் ஐந்து வருடமாக வந்துபோன அத்தனை பேரின் படங்களும் இருந்தன. இந்த ஒரு அம்மாவுக்காக அதை ஓட்டி, பாதியில் அது நின்றுபோனால் அத்தனை பேருடையதும் போகும். அவர்கள் யாரும் இப்போது வாசலில் நிற்கவில்லை, அவ்வளவுதான். டாக்டர் சாருக்கு நாலு முறை போன் செய்தேன். ரயிலில் இருந்தார், கிடைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க சேச்சி, என்ன செய்யணும்" என்றார் தம்பி.

என்னிடம் அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. நான் சொன்னேன்: "இந்த ஒரு ஆளுக்குள்ளத மட்டும் எடுப்போம். எடுத்த உடனே கழட்டிருவேன்."

அது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். டிஸ்க் கைவிட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு நேரம் வந்தால் இதைத்தான் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுத்தவள் நான்தான் என்று பிறகு சாரிடம் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதனால் எடுத்தேன்.

தங்கசாமி அண்ணனின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. மழையில் ஸ்கூட்டரில் கோட்டாறு வரை போய், அரிசிச் சாக்குப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அதற்குள் நான் பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துச் சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ரஹ்மத் எக்ஸ்ரே கவரால் விசிறிக் காயவைத்தாள். காயும் முன் செருகக் கை பரபரத்தது. இருபது நிமிடம் பொறுத்தோம். 

லேப்டாப்பில் பாட்டரி நாற்பத்தொரு சதவீதம். தம்பி அனுப்பிய சாப்ட்வேரை என் போன் இணையத்தில் இறக்கிப் போட்டதும் முப்பத்திரண்டு. டிஸ்கைச் செருகினேன். அதன் சின்ன நீல விளக்கு எரிந்தது.  சாப்ட்வேர் உடனே படத்தைத் தராது. முதலில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலைப் படிக்கும். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டுகொண்டு போயிற்று. முக்கால் தூரம் போய் நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பாட்டரி பத்தொன்பது.

"நின்னு போச்சு தம்பி. அணைச்சுட்டு மறுபடியும் போடட்டா?"

"தொடாதீங்க. டிஸ்க்ல லைட்டு மின்னுதா, சும்மா எரியுதா?"

"மின்னுது."

"அப்ப அது வேல செய்யுது. திரையப் பாக்காதீங்க, லைட்டப் பாருங்க. கையக் கட்டிட்டு இருங்க."

நான் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டேன். தங்கசாமி அண்ணன், "இவன் என்ன, ஏணி வச்சு ஏறி எடுக்கானா?" என்று முணுமுணுத்தார். ரஹ்மத்தின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் மணையில் விளக்கு எரிந்தது. எதிரே அந்த நீல விளக்கு மின்னியது. பாட்டரி பதினான்கு.

பட்டியல் வந்தது. பெயரைத் தட்டினேன். வருடத்தைத் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, 'திரும்ப எடு' என்பதை அமுக்கினேன். மூன்று நிமிடம் ஆனது. முதல் படம் திறந்தது.

கறுப்புத் திரையில் இரண்டு நுரையீரல். மேலே அந்த அம்மாவின் பெயர், அன்றைய வயது, எடுத்த நேரம் காலை பத்து இருபது.

"இது உம்மாவா?" என்றாள் ரஹ்மத்.

"உம்மாதான்."

அவள் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஸ்கேன் எடுத்த நாளில் எங்கள் பேக்கப்பில் வெறும் அம்புக்குறிதான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பொழுதுபோகாமல் திறந்து பார்த்திருக்காவிட்டால் இந்தப் படம் இந்த உலகத்தில் இருந்திருக்காது. டிஸ்கைக் கழற்றி மணையில் வைக்காமல் இருந்திருந்தாலும் இருந்திருக்காது. அன்று எனக்கு வந்த ஆசை, அண்ணனின் பிடிவாதம், யாருடைய கணக்கில் இதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஒரு அம்மா இழுத்துப் பிடித்த மூச்சு, இடி விழுந்த கட்டடத்தில், கரண்ட் இல்லாத அறையில், என் முன்னால் அப்படியே நின்றது. நான் கும்பிட்டேனா என்று நினைவில்லை. கும்பிட்டேன் என்று அண்ணன் சொல்வார்.

அடுத்தடுத்த படங்களை நகர்த்தியபோது அந்தப் பொட்டு தெரிந்தது.

"இருக்குல்லாக்கா? அப்பமே இருந்திருக்குல்லா? அதே அளவுதானா?"

வருடக்கணக்காகப் படங்களைப் பார்த்தவள் நான். அவள் கையில் இருந்த புதிய ரிப்போர்ட்டில் அளவும் இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். நல்லதாக ஒன்று சொல்ல ஆசையாகவும் இருந்தது.

"அளக்கது டாக்டர் வேல மக்ளே. இருந்தத இருந்தபடி எடுத்துத் தாறது மட்டுந்தான் எனக்குள்ளது" என்றேன்.

பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். டிஸ்கைக் கழற்றியபோது பாட்டரி ஏழு. தங்கசாமி அண்ணன் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். போகும்போது ஒரு பொட்டலம் பொரியை அவள் பையில் வைத்து, "பஸ்ல தின்னு, காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்கமாட்ட" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மணி பஸ் கிடைத்தது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு ரஹ்மத் போன் செய்தாள். பொட்டு நாலு வருடத்தில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் உண்டு, ஆனால் சின்னத் துண்டு எடுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து பதினொன்றரைக்கு உம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். எங்களுக்கு மதியம் கரண்ட் வந்தது. டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுக்கப் போட்டேன். அதற்கு ஒன்பதரை மணி நேரம் ஆனது.